வயிறு சும்மா இருந்த ஞாயிறு

ஞாயிறு காலையில் பொற்கொடி முடக்குவாத மாத்திரையைப் போட்டால், ஒரு மணி நேரத்தில் அவள் கணவன் அறவாழிக்கு வயிற்றைப் பிசையத் தொடங்கும். மாத்திரையால் வரும் வயிற்றுவலியை வீட்டில் இன்னொருவர் ஏற்றுக்கொள்ளலாம் என்று ஆனதும், முதல் ஆளாகப் போய், அந்த வலியைத் தனக்கு மாற்றும் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டவன் அவன். ஐந்து வருடமாக ஞாயிறு என்றால் சுருண்டு படுக்கும் நாள்தான்.

ஆனால் போன மூன்று ஞாயிறும் வலி வரவில்லை. ஏன் என்று அவன் யாரையும் கேட்கவில்லை. அவ்வளவு அலுத்துப்போயிருந்தான். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான்.

இன்றும் வரவில்லை. பொற்கொடி காபி கொண்டுவந்தாள். டம்ளரை விரலால் பிடிக்காமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கியிருந்தாள். விரல் முட்டிகள் வீங்கிச் சிவந்திருந்தன.

“மாத்திரை போட்டியா?”

“போட்டேனே.”

“எந்த வயித்துக்குள்ள போட்ட? என் வயிறு சும்மா இருக்கே.”

அவள் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். “குறட்டை விட்டுத் தூங்குனீங்க. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருஷமாச்சு!”

முதல் வாரமே கேட்டிருக்கலாம் என்று அறவாழிக்கு நெஞ்சு சுட்டது. வீங்கிய அவள் விரலுக்கு மாத்திரை அட்டையைப் பிரிக்க வராது. அவனே மாத்திரையைப் பிதுக்கி, அவள் வாயில் போட்டுத் தண்ணீர் புகட்டினான். அவள் விழுங்கும்வரை நின்று பார்த்தான்.

“படுத்துக்குங்க, பாய் விரிக்கிறேன்.”

“அந்தக் கையை வச்சுக்கிட்டா? சும்மா உட்காரு. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, ரசம் வச்சுடறேன்” என்று அவன் புளியைக் கரைக்கப் போனான்.