நஜ்லாவின் பெருமூச்சு

"இதெல்லாம் எதுக்குடா? போன்லயே நல்லாத்தானே கேக்குது?" ஷவ்கி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"போன்ல கேக்குறது பாட்டாடா? கொசு ரீங்காரம்!" என்றார் வஜீஹ்.

வஜீஹின் கெய்ரோ வீட்டுக் கூடத்தில், ஆடியோ கடைப் பையன் பிஷோய் ஆளுயர ஸ்பீக்கர்களை நிறுத்திக்கொண்டிருந்தான். வஜீஹின் மனைவி நஜ்லா ஊத் வாத்தியம் வாசித்துத் தானே பதிந்து வைத்ததையெல்லாம் வீட்டு நெட்வொர்க்கில் மாட்டிய ஹார்ட் டிஸ்கில் ஏற்றியாகிவிட்டது. அவள் போய் எட்டு மாதம். கடைசிப் பதிவில், வாசிப்பு முடிந்ததும் லேசாக ஒரு சத்தம் வரும். அது அவளுடைய பெருமூச்சு என்பது வஜீஹின் நம்பிக்கை. அதை ஒரு தடவையாவது தெளிவாகக் கேட்டுவிட வேண்டும் அவருக்கு.

"செத்தவள நெனச்சு இன்னும் எத்தன நாள் உருகுவ? வா, காபிக் கடைக்குப் போலாம்." ஷவ்கி எழுந்தார்.

"உக்காருடா. நாப்பது வருஷ சிநேகிதன், நீ இல்லாம எப்படிக் கேக்குறது?" வஜீஹ் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"போன்ல சுருங்கித்தான் வரும் சார். இதுல பதிஞ்சது பதிஞ்சபடி வரும்," என்று டேப்லெட்டைத் தொட்டான் பிஷோய்.

ஊத் கூடத்தை நிறைத்தது. கடைசித் தந்தி அதிர்ந்து அடங்கியது. வஜீஹ் கண்களை மூடிக்கொண்டார்.

பெருமூச்சு வரவில்லை. ஓர் ஆண் குரல் கிசுகிசுத்தது.

"மோதிரத்த மாட்டிக்க நஜ்லா. லிஃப்ட் சத்தம் கேக்குது, அவன் வந்துட்டான்."

வஜீஹ் கண்ணைத் திறக்கவில்லை. பிடித்திருந்த ஷவ்கியின் கையையும் விடவில்லை.

சொல்லைக் கவனிக்காமல் சத்தத்தை மட்டுமே கேட்டிருந்த பிஷோய், பெருமையாகத் திரும்பினான்.

"பாத்தீங்களா சார்? பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரியே இல்ல?"