ஆதாரம் இல்லாத சாவு

"இங்க வேலை பார்க்கிற கண்ணாடிக்கார கிளார்க்கோட மாமனாருக்கு இறப்புச் சான்றிதழ் வேணும்மா," என்றார் பதிவு அலுவலகக் கவுண்டரில் நின்ற பெரியவர்.

கண்காணிப்பாளர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்குக் காலையிலதான் போனாராம். கிளார்க் போன்ல அழுதுக்கிட்டே லீவு சொன்னார். அதுக்குள்ள உங்களுக்குச் சான்றிதழா?"

"பதிவாயிடுச்சான்னாவது பாருங்கம்மா. பென்ஷன் விஷயம்."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று ஓடிவந்த பங்காளி போலிருக்கிறது என்று அம்மாள் நினைத்துக்கொண்டார்.

"டாக்டர் சீட்டு இருக்கா? பேப்பர்ல துக்கச் செய்தி போட்டீங்களா?"

"ஒண்ணும் இல்லைம்மா."

"ஆதாரம் இல்லாம இந்த ஆபீஸ்ல யாரும் சாக முடியாது, பெரியவரே."

"லீவுக்கு மட்டும் சாகலாமா?"

அம்மாளுக்குச் சுருக்கென்றது. "செத்தவரை வெச்சுக் கிண்டலா? நீங்க அவருக்கு என்ன உறவு?"

பெரியவர் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். இன்னும் சூடு ஆறவில்லை.

"மாப்பிள்ளை டப்பாவை மறந்துட்டு ஆபீஸ் போயிட்டார்னு பொண்ணு என்னை அனுப்பினா. நான் செத்த சேதியை உங்க வாசல்ல வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அம்மாள் லீவுப் பதிவேட்டை இழுத்துத் திறந்தார்.

"பதிவாகலைன்னா என் பென்ஷன் தப்பிச்சுது. அவர் லீவை மட்டும் இன்னும் ஒரு வாரம் நீட்டி வைங்கம்மா. சாயங்காலம் வீட்டுக்குத்தானே வரணும்? துக்கம் அவருக்கு அப்பத்தான் ஆரம்பம்."