குண்டுவை ஒப்படைத்தல்

வனவிலங்கு இலாகா அலுவலகத்தின் மேசைமேல் கலாதேவி கூடையை வைத்தாள்.

உள்ளே ஈரத் துண்டின்மேல் ஆமை தலையை இழுத்துக்கொண்டு கிடந்தது. ஓடு முழுக்க மஞ்சள் நட்சத்திரங்கள்.

"இதோட பேரு குண்டு" என்றாள் பக்கத்தில் நின்ற சாந்தினி. ஆறு வயது. கையில் குண்டு விரும்பித் தின்னும் இரண்டு செம்பருத்திப் பூக்கள்.

அதிகாரி தினேஸ்வரி சிரித்துவிட்டாள். பிறகு ஒரு படிவத்தை எடுத்தாள்.

"இம்போர்ட் பர்மிட், வாங்குன ரசீது, ஏதாச்சும் சூராட், பத்திரம் இருக்காக்கா?"

"ஒன்னுமே இல்லலா."

நான்கு வருடங்களுக்கு முன், லூமுட்டில் படகு வேலை செய்த ஒருவன் கலாதேவியின் கணவன் தேவனிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனான். அப்போது சோப்புக் கட்டி அளவுதான் இருந்தது. கடல் தாண்டி வந்த உயிரை அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம் என்பது வெகுநாள் கழித்தே இருவருக்கும் தெரிந்தது.

தெரிந்த பிறகும் வைத்திருந்தார்கள்.

சாந்தினி முதன்முதலில் முழு வாக்கியமாகப் பேசியது அதனிடம்தான். 'குண்டு, நீ சாப்பிடு.'

"இனிமே பர்மிட் எடுக்க முடியாதாம்மா?" கலாதேவி கேட்டாள்.

"எப்படி நாட்டுக்குள்ள வந்துச்சுன்னே தெரியலையேக்கா, எத வச்சுப் போடறது? நீங்களே கொண்டாந்தது நல்லது. யாராச்சும் ரிப்போர்ட் பண்ணியிருந்தா கேஸ் ஆயிருக்கும்."

ஊழியர் ஒருவர் கூடையைத் தூக்கிக்கொண்டார். குண்டு இருக்கப்போகும் இடத்தைப் பார்க்க சாந்தினியும் அவர் பின்னால் போனாள். பூக்களை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

கதவு மூடும்வரை கலாதேவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷமா யாரும் கேக்கலையே. ஏன்க்கா இப்பக் கொண்டாந்தீங்க?" என்றாள் தினேஸ்வரி.

"வியாழக்கிழமை வெல்ஃபேர்லேர்ந்து வீட்டப் பாக்க வாராங்க. வீட்டுல தப்பா ஒன்னும் இருக்கக்கூடாதுலா."

"வெல்ஃபேரா? எதுக்கு?"

கலாதேவி குரலைத் தாழ்த்தினாள். "அவளுக்கும் ஒரு சூராட்டும் இல்லம்மா."

சாந்தினி நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது, ஈப்போ கையுறைத் தொழிற்சாலையில் கலாதேவியோடு வேலை செய்த ஒரு பெண், 'சாயங்காலம் வாரேன்க்கா' என்று கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு வரவே இல்லை. பிறப்புப் பத்திரம் கிடையாது. பெற்றவளின் சரியான பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருடம் பள்ளிக்கூடம். தத்தெடுக்க மனுப் போட்டு, எத்தனையோ கவுண்டர்களில் நின்று, இப்போதுதான் வீட்டைப் பார்க்க வருகிறோம் என்று சமூகநல இலாகாவிலிருந்து கடிதம் வந்திருந்தது.

தினேஸ்வரி படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். முத்திரை குத்தப் போனவள் நிறுத்தி, அடியில் மலாயில் ஒரு வரி எழுதினாள். பிறகு குத்தினாள்.

"ஒரு காப்பி உங்களுக்கு. ஃபைல்ல வைங்கக்கா. வியாழக்கிழமை காட்டுங்க."

வெளியே வந்து, வெறுங்கையோடு ஓடிவந்த சாந்தினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கலாதேவி அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

தாயும் மகளும் நேரில் வந்து ஒப்படைத்தனர்.