மேல்மலையில் மூடுபனி

சாயங்காலச் செய்தி முடியப்போகிறது என்றால் தாட்சாயிணி கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

கடைசியில்தான் வானிலை சொல்வார்கள்.

நீலகிரி என்றதும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மூடுபனி என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் அந்த மூச்சு வெளியே வரும்.

இங்கே சேக்காட்டில் ஆடி பிறந்தும் வெயில் இறங்கவில்லை. பொழுது சாய்ந்த பிறகும் சுவர் கொதித்தது. இந்த வெக்கையில் உட்கார்ந்துகொண்டு அந்த மலையின் குளிரை நினைத்துப் பார்ப்பதே பெரிய பாடாக இருந்தது.

அவள் புருஷன் பாஸ்கரன் ஃபேக்டரி நண்பர்களோடு அங்கே போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. மேலே சரணாலயம். மழைக்காலத்தில் யாருக்கும் அனுமதி கிடையாது. செக்போஸ்டில் திருப்பி அனுப்பியும் கேட்காமல், தேயிலைத் தோட்டம் வழியாகச் சுற்றி ஏறியிருக்கிறார்கள்.

புல்வெளியில் ஏதோ பேச்சு தடித்திருக்கிறது. பாஸ்கரன் கூட்டாளி கோவிந்தராஜைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, தனியாகப் பனிக்குள் நடந்து போய்விட்டான்.

மற்றவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். பனி விலகினால்தான் தேட முடியும் என்று வனத்துறையில் சொல்லிவிட்டார்கள்.

தினமும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டுக் கேட்டு, வந்து சொல்வது கோவிந்தராஜ்தான். கால் முழுக்க அட்டை கடித்த புண் அவனுக்கு.

அவனிடம் தாட்சாயிணி கேட்டதெல்லாம் அந்த மலையைப் பற்றித்தான். ராத்திரி எவ்வளவு குளிரும்? ஒதுங்க இடம் உண்டா? ஈர விறகு பற்றுமா?

"வெறகா? பகல்லயே கைய நீட்னா கை தெரியாது அண்ணி. காத்து ஆளயே தள்ளிகினு போவுது. ஸ்வெட்டர் போட்டும் எனக்குப் பல்லு கிட்டிகிச்சு. அண்ணன் வெறும் சட்டையோட கீறாரு."

சொல்லிவிட்டு அவன்தான் அழுவான். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள்.

மாமியார் தாயம்மாளுக்கு அது ஆகவில்லை. பக்கத்து வீட்டுக் கண்ணம்மாவிடம் இவள் காதில் விழும்படியே சொன்னாள்.

"கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி கீதா பாரு. மழ வர்தா, பனி வர்தான்னு ரேடியோ கேட்டுகினு கீறா, இன்னாவோ வடாம் காயப் போட்டவ மாதிரி!"

"உடு தாயம்மா, உள்ளுக்குள்ள அழுதுகினு இருப்பா" என்றாள் கண்ணம்மா.

இன்றைக்கு ரேடியோ வேறு மாதிரி சொன்னது. மலையில் மழை குறைந்துவிட்டது. வானம் தெளிவாக இருக்கும்.

தாட்சாயிணி பிடித்த மூச்சை விடவில்லை.

வாசலில் சைக்கிள் சாய்ந்து விழும் சத்தம் கேட்டது. கோவிந்தராஜ் ஓடி வந்தான்.

"அண்ணி! அண்ணன் உசுரோட கீறாரு!"

காலையில் பனி விலகியதும் வனத்துறை வாட்சர்கள் ஏறியிருக்கிறார்கள். அவர்கள் பூட்டிவிட்டு வந்த கொட்டகையின் கதவைப் பாஸ்கரன் உடைத்து, உள்ளே இருந்த அரிசியைத் தின்று, சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறான். கால் விரல்கள் புண்ணாகியிருக்கின்றன. மற்றபடி ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவான்.

தாயம்மாள் தரையில் விழுந்து கும்பிட்டாள். கண்ணம்மா சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்து எல்லோர் வாயிலும் போட்டாள்.

வாயில் சர்க்கரையோடு தாட்சாயிணி அழுதாள். அத்தனை நாளும் வராத அழுகை, தெருவுக்கே கேட்டது. தாயம்மாள் கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல்முறையாக அவளைக் கட்டிக்கொண்டாள்.

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் குழாயடியில் உட்கார்ந்தாள். கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். மடியில் இரண்டு ரப்பர் வளையல்கள் இருந்தன.

தாயம்மாள் அலறிவிட்டாள். "அடிப் பாவி! புருசன் உசுரோட வர்ற நேரத்துல இன்னாடி பண்ற?"

கடைசி வளையல் விரல் முட்டியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது.

கண்ணம்மா பக்கத்தில் குந்தி, சோப்பை நனைத்து அந்தக் கையில் தடவிவிட்டாள். போன மாதம் அதே மணிக்கட்டிலிருந்து கண்ணாடிச் சில்லுகளை ஊசியால் கிளறி எடுத்தது அவள்தான்.