பூண்டு பூத்த தொட்டி

பூக்கள் வாடிக்கொண்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்ணாடிக் குடிலில் அந்த ஒரு தொட்டிதான். அதில் ஒரே ஒரு பூண்டுச் செடி. நீண்ட தண்டின் நுனியில் ஊதாப் பூக்கள், அவற்றுக்கு நடுவே குட்டிக் குட்டிப் பூண்டுப் பற்கள். அந்தப் பற்கள் பருத்தால் பூவுக்குச் சாறு போகாது. தினமும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட வேண்டும்.

அவள் ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை.

செடியை வளர்த்த சுகிர்தா ஊருக்குப் போயிருந்தாள், தங்கையின் பிரசவத்துக்கு. போகும்போது இடுக்கியை அவள் கையில் கொடுத்து, வேறு யாரையும் நம்ப முடியாதுக்கா என்றாள்.

அக்காவாம். மேடம் என்று கூப்பிட்டுத் தொலைத்திருந்தால் வெறுக்கவாவது வசதியாக இருந்திருக்கும்.

இந்த மலை ஆராய்ச்சி நிலையத்தில் பூண்டு மேடம் என்றால் இத்தனை வருடம் அவள்தான். கிராமம் கிராமமாக அலைந்து, பருத்த பூண்டாகப் பொறுக்கி, அதன் பல்லை ஊன்றி, மறுபடி பொறுக்கி ஒரு ரகத்தைக் கொண்டுவந்தாள். விளைச்சல் கூடியது. ஆனால் பல்லை ஊன்றினால் அதே பூண்டுதான் திரும்ப வரும். புதிதாக ஒன்று பிறக்க வேண்டுமென்றால் விதை வேண்டும். நம் மலைப் பூண்டு விதைக்கு வராது என்று கூட்டத்துக்குக் கூட்டம் அடித்துச் சொன்னவளும் அவள்தான்.

நேற்று வேலைக்குச் சேர்ந்த சுகிர்தா பூக்க வைத்துவிட்டாள்.

இயக்குநர் தொட்டியைத் தேடி வந்து பார்த்துவிட்டுப் போனார். பக்கத்திலேயே இருந்த அவள் வயலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேன்டீனில் சுகிர்தாவைப் பூண்டு மேடம் என்றார்கள்.

வயிறு எரிந்தது. எரியத்தானே செய்யும்?

கெடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. முதல் நாள் வேலை இருந்தது. அடுத்த நாள் மழை. அதன்பிறகு காரணம் தேவைப்படவில்லை.

கைபேசி அடித்தது. சுகிர்தா.

தங்கைக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம் என்றாள். ஒரு விஷயத்தை வந்து நேரில் சொல்லலாம் என்றிருந்தேன், மனசு கேட்கவில்லை என்றாள்.

"அந்தப் பூவுக்கு நான் தொட்டு வச்ச மகரந்தம் உங்க ரகத்தோடதுக்கா."

அவளுக்குப் புரியவில்லை. தன் பூண்டு பூக்கவே பூக்காதே.

பூத்தண்டு தலைகாட்டியதும் ஒடிக்கச் சொல்வது அவள் வழக்கம். ஒடித்தால் கீழே பூண்டு பருக்கும். வருடா வருடம் ஆள் விட்டு, ஒரு தண்டு பாக்கியில்லாமல் ஒடித்தாள். இந்த முறை பாத்தி ஓரத்தில் ஒன்று தப்பியிருக்கிறது. தப்பியது பூத்திருக்கிறது. அதைச் சுகிர்தா பார்த்து மகரந்தம் எடுத்திருக்கிறாள்.

விதை பிடித்தால் கட்டுரையில் உங்கள் பெயர்தான் முதலில் என்று சுகிர்தா சொல்லிக்கொண்டே போனாள்.

திருடியிருக்கக் கூடாதா இந்தப் பெண்? திருடியிருந்தால் எவ்வளவு நிம்மதி.

அவள் தொட்டியின் முன் குனிந்தாள். பற்கள் கொழுத்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. இடுக்கியைத் தேடவில்லை, நகத்தாலேயே பிய்த்தாள். பிய்க்கப் பிய்க்கப் பூக்கள் சருகாகக் கொட்டின.

அடியில் ஒரு பூ மட்டும் பச்சைக் காம்போடு இருந்தது. அதன் வயிறு விதை பிடித்து லேசாகப் புடைத்திருந்தது.

"எத்தன பூ நிக்குதுக்கா?"

"ஒண்ணு."

அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"பரவால்லக்கா. நீங்க கூட இருந்து பாத்ததாலதான் அந்த ஒண்ணாவது நின்னுச்சு."

ஆமாம் என்றாள் அவள்.