அரசாங்கச் செலவில் கடற்கரை

தலைநகரில் கட்சி மாநாடு கூடும்போதெல்லாம் அரசியல் விமர்சகர் ஷு போவென்னைப் போலீஸ்காரர்கள் சுற்றுலா அழைத்துப் போய்விடுவார்கள். அணுகுண்டு வைத்திருக்கும் அரசாங்கத்துக்கு, ஐம்பது கிலோ எடையுள்ள மனிதர் ஒருவர் ஊரில் இருந்தால் தூக்கம் வராது. அறை, சாப்பாடு, கடல் எல்லாம் இலவசம். அவருடைய கைபேசி மட்டும் காவலன் லுவோவின் சட்டைப் பையில் இருக்கும்.

இந்த முறை வண்டியில் ஏறும்போதே கெஞ்சினார். "அம்மா சொந்த ஊரு ஆஸ்பத்திரியில இழுத்துக்கிட்டுக் கெடக்குறாங்க, லுவோ. சுற்றுலாவ அந்த ஊருக்கே வச்சுக்கக் கூடாதா?"

"அங்க பாக்க என்ன இருக்கு வாத்தியாரே? நீங்க உல்லாசமா இருக்குற மாதிரி மேலிடத்துக்குப் போட்டோ போகணும்."

மூன்றாம் நாள், ஓலைத்தொப்பி மாட்டி, கையில் இளநீரைக் கொடுத்து, அலைகளுக்கு முன்னால் அவரை நிறுத்தினான். கேமராவை உயர்த்தும்போது சட்டைப் பைக்குள் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்த லுவோவின் முகம் மாறியது.

"ஆஸ்பத்திரியா?"

"ஒரேயொரு போட்டோ. சிரிச்சிட்டு போனை வாங்கிக்குங்க, வாத்தியாரே." இப்போது கெஞ்சியது லுவோ.

ஷு போவென் சிரித்தார்.

"இன்னும் கொஞ்சம்."

இளநீரை இறுகப் பிடித்தபடி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அதற்குள் மணி அடித்து ஓய்ந்திருந்தது.