கூரை விளக்கு

போன வருடம் ஓடையில் கவிழ்ந்து புஷ்பமேரியின் கணவனைப் பலிகொண்ட பழைய பிக்கப் வண்டி அது. இற்றுப்போன வயர்களையெல்லாம் மெக்கானிக் சேசுராஜ் உருவித் தரையில் போட்டான். பேட்டரியும் வெளியேதான் கிடந்தது. ஆனாலும் வண்டிக்குள் கூரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டெஸ்டரை வைத்துப் பார்த்தான், கரண்ட் இல்லை. புஷ்பமேரியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“ராத்திரி ஓட்டும்போது எம் மூஞ்சி தெரியணும்னு அவுக அதை அணைக்கவே விடமாட்டாகண்ணே.”

“உள்ள லைட் எரிஞ்சா ரோடு தெரியாதேம்மா.”

“தெரியலதான்.”

சேசுராஜ் புது வயர்ச் சுருளைக் கையில் எடுத்தான். “இதுக்கும் புது வயர் இழுக்கவா?”

“மத்ததுக்கெல்லாம் இழுங்க.”

சாயங்காலம் வேலை முடிந்தது. சாவியை வாங்கிச் செருகிய புஷ்பமேரி, வண்டியைச் சுற்றிப் போய் இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்திவிட்டு, முகத்தில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.